மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

ஜூன் 1, திங்கள்

தூறல். காற்று. பெட்ரோலுக்கு வாகனங்கள் மலை வளைவெல்லாம் வரிசை நின்ற வருஷம்தான் எனக்கு வயிற்றை முழுசாக எடுத்தார்கள். இரைப்பையில் புற்றுக் கட்டி. இப்போது நாலாவது வருஷம். எழுதத் தெரியாது. போனில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது.

சாப்பிட்டது: இடியப்பம் ஒன்று. பத்து மணிக்கு முட்டை பாதி. பகல் சோறு நாலு வாய். அதற்கு மேல் போனால் வேர்வை, படபடப்பு, படுக்கை. ஒரு நாளைக்கு ஆறு தரம் இந்தக் கூத்து.

மகள் கமலா: "அப்பா, இன்னும் ரெண்டு வாய்."

"நீ சாப்பிடு. ஒனக்கு வயிறு இருக்கு."

ஜூன் 2, செவ்வாய்

பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் அம்பிட்டிய கடை வரை நடந்திருக்கிறேன்.

"என்னங்க, ஒத்தச் செருப்போட ஊர்வலமா?" கடையே சிரித்தது. எரிச்சலில் கஞ்சிக்குப் பிழியத் தேசிக்காய் வாங்க மறந்தேன். நாக்கும் புண்.

ஜூன் 4, வியாழன்

கிளினிக். கதிரையில் உட்கார்ந்தபடி மூன்று மணி நேரம். நிறை நாற்பத்தொரு கிலோ. போன தரத்தை விடக் குறைவு. நர்ஸ் மிஸ் என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"ஐயா, பி பன்னெண்டு ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?"

"நிப்பாட்டியாச்சுங்க மிஸ்."

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் பஸ் இல்லை. ஒரு ஊசி தவறியது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. நன்றாகத்தான் இருந்தேன்.

"ஒடம்புல சேந்திருந்தது கொஞ்ச வருஷம் தாங்கும். அதான் நல்லா இருந்தீங்க. வயிறு இல்லாதவங்களுக்கு அந்தச் சத்து சாப்பாட்டுல இருந்து ஏறாது ஐயா. மூணு மாசத்துக்கு ஒருக்கா, ஆயுசுக்கும் போடணும்."

"கால் சரியாகுமா?"

"பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்காது. ஊசி போட்டார்கள். வரும்போது கமலா பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 5, வெள்ளி

மழை. கஞ்சி அரைக் கோப்பை. இறங்கவில்லை.

எனக்கு ஆபரேஷன் நடந்த மாசம் வார்டில் வயிறு எடுத்தவர்கள் நாலு பேர். ஜன்னலோரம் காதர் நானா. நோய் திரும்பி அந்த வருஷமே போனார். அடுத்தது பியசேன. போன வருஷம் காய்ச்சலில். மூன்றாவது நான். நாலாவது மூலைக் கட்டில்காரன், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து ஆள், என்னை விட இளசு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவனைக் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். ஊசிக்குத்தான் வந்திருந்தான்.

"அண்ணே, நீங்களும் ஊசிக்கா?"

"ஊசியாவது ஒண்ணாவது! நிப்பாட்டி எவ்வளவு காலம்! என்னப் பாரு, கல்லு மாதிரி."

"அப்ப இனி நானும் வரலண்ணே. ஒரு நாள் பொழப்பு போகுது."

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

காலையிலிருந்து அவனுக்கு ஏழு தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

"மலையில சிக்னல் இருக்காதுப்பா," என்றாள் கமலா. நேற்றைக்குப் பிறகு முதல் பேச்சு.

ஜூன் 6, சனி

வெயில். அவன் பெண்சாதி எடுத்தாள்.

"படுத்தே கெடக்காருண்ணே. ஒரு மாசமா கால் நடக்க மாட்டேங்குது. வயசாச்சாம்."

வயசு! ஐம்பத்தெட்டு. ஊசி விஷயத்தைச் சொன்னேன். யார் நிப்பாட்டச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

மருமகன் ஆட்டோவை எடுத்துவிட்டார். ஹேவாஹெட்ட போய் அவனை ஏற்றி நேரே ஆஸ்பத்திரி. பிஸ்கட் நாலு, தண்ணீர்ப் போத்தல், அவன் கொப்பி இருந்தால் அதுவும்.

"யார மாமா கூட்டிட்டு வரணும்?"

நாலு பேரில் என்னோடு மிச்சம் இருப்பவன். செல்லையா.