கியோட்டோவில் கயிறு கட்டிய கல்

மார்ச் 3, திங்கள்

இளவரசன் கூப்பிட்டான். இன்றும் குரல் மட்டும்தான். பொங்கலுக்கு முன்பிருந்தே வீடியோவில் வருவதில்லை. போன் கேமரா கெட்டுப்போச்சாம். உலகத்துக்கே கேமரா செய்து அனுப்புகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேமரா கெட்டுப்போச்சாம்! கேட்பவள் கேனச்சியாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுது என்பானாம்.

"சாப்ட்டியாடா?" "ஆச்சும்மா." "வேல எப்பிடிடா?" "போய்க்கினு இருக்கும்மா." அவ்வளவுதான் பேச்சு. முன்னெல்லாம் மேனேஜர் எப்படிக் குனிந்து கும்பிடுவார், ரயில் எப்படி வரும் என்று காது வலிக்கிற வரைக்கும் பேசுவான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பெரிய கம்பெனிடி. வேல ஜாஸ்தியா இருக்கும், நீ இன்னாத்துக்கு மனச ஒழப்பிக்கிற?" என்கிறார். இவருக்கு மகன் ஜப்பானில் இருக்கிறான் என்பதே போதும். அவன் போனபோது தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் கட்டிய ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. 'எங்கள் மண்ணின் மைந்தன்.' வெயிலில் வெளுத்து முகம் போய்விட்டது. கோட்டும் டையும் மட்டும்தான் நிற்கின்றன. பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கழற்றுங்க என்றால் காதில் வாங்குவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

என் நாத்தனார் பாப்பாத்தி கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். கரியாலூர்ப் பக்கம் குறி சொல்கிற அம்மா ஒருத்தி. நான் போகச் சொல்லவில்லை. இவளாகவே இளவரசனின் பழைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

"அண்ணி, உங்க புள்ளய ஒரு கல்லுல கட்டிப் போட்டிருக்குதாம். அந்தக் கட்ட அவுத்தாதான் வூடு வந்து சேருவானாம்."

"அவன் இன்னா கன்னுக்குட்டியா, கட்டிப் போட?" என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மாட்டுக்குத் தீனி வைக்கும்போதுதான் அந்த வார்த்தை மறுபடியும் வந்து நின்றது. கட்டிப் போட்டிருக்கு. யார்? எதற்கு?

மார்ச் 12, புதன்

சென்னையிலிருந்து பூ பார்க்க ஜப்பானுக்கு டூர் கூட்டிப்போகிறார்களாம். பாஸ்போர்ட் முன்பே எடுத்தது இருக்கிறது, மக்காச்சோளம் விற்ற பணம் இருக்கிறது, போய் அவனைப் பார்த்துவிட்டு வா என்று வீட்டுக்காரரே சொன்னார். அவரால் விமானத்தில் முட்டியை மடக்கி அவ்வளவு நேரம் உட்கார முடியாது. இளவரசனிடம் சொன்னேன். மெதுவாக, "வராதம்மா" என்றான்.

வராதே என்றதால்தான் போகப்போகிறேன்.

மார்ச் 25, செவ்வாய். கியோட்டோ

காலையில் ஹோட்டல் வாசலுக்கே வந்துவிட்டான். நான்தான் சட்டென்று அடையாளம் காணவில்லை. சட்டை இஸ்திரி போட்டதுதான், ஆனால் கழுத்துப் பட்டிக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம். நான் ஏதாவது சொன்னால் சிறிது நேரம் கழித்துச் சிரிக்கிறான். எங்கோ தூரத்திலிருந்து சிரிப்பை எடுத்து வருகிறவன் போல. ஆபீஸ் இல்லையா என்றேன். லீவு போட்டிருக்கிறானாம்.

டூர்காரர்கள் கடைக்குப் போனார்கள். இவன் என்னை ஒரு பழைய கோயில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். ராஜாக்கள் காலத்துக் கோயிலாம். ஊருக்கு நடுவில் இருக்கிறது, சுவருக்கு வெளியே பஸ் ஓடுகிறது, உள்ளே நுழைந்தால் ஒரு சத்தமில்லை. தோட்டம் என்றானே என்று பூவைத் தேடினேன். பூவே இல்லை. வெள்ளைச் சரளையைக் கொட்டி, பரம்படித்த சேற்றில் கோடு இழுத்தது போல இழுத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் பாறைகள். ஒரு புல் கிடையாது. "களை எடுக்க ஆளு தேட வேணாம்" என்றேன். அதற்கு அவன் சிரிக்கக்கூட இல்லை.

இரண்டு விஷயம் எழுதி வைக்க வேண்டும். ஒன்று, டிக்கெட் கொடுக்கிற அம்மாள். மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்தாள். இவனைப் பார்த்ததும் எழுந்து நின்று ஏதோ கேட்டாள், என்னைக் காட்டி ஏதோ கேட்டாள், இவன் பர்ஸை எடுக்கும் முன்பே உள்ளே போகச் சொல்லிவிட்டாள். "உன்ன தெரியுமாடா?" "எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா." எல்லாருக்கும் அப்படி இல்லை. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்?

இரண்டாவது, ஒரு கல். தோட்டத்தின் ஓரத்தில் மூங்கில் மறைப்புக்குப் பின்னால் ஒரு நடைபாதை போகிறது, தட்டைக் கற்கள் பதித்த பாதை. அதன் முதல் கல்லின் மேல் தேங்காய் அளவில் ஓர் உருண்டைக் கல். கருப்புக் கயிற்றை நாலு பக்கமும் கொண்டுவந்து மேலே முடிச்சுப் போட்டிருக்கிறது. பூ இல்லை, பொட்டு இல்லை. நம் ஊரில் முச்சந்தியில் இப்படி ஒன்று கிடந்தால் மாட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள். நான் குனிந்து கை நீட்டினேன். "தொடாதம்மா!" என்று கத்தி என் கையைப் பிடித்து இழுத்தான். அவன் கை சில்லென்று இருந்தது. அது என்ன என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. ஆனால் போகும் வரைக்கும் அவன் பார்வை அந்தக் கல்லிலேயே இருந்தது. சரளையைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. அதையேதான்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையாதுதான்.

மார்ச் 26, புதன்

காலையில் போன் பண்ணி, இன்று ஆபீஸ் போகிறேன், சாயங்காலம் வருகிறேன் என்றான்.

பாப்பாத்தியிடம் கல்லைப் பற்றிச் சொல்லித் தொலைத்துவிட்டேன். "கருப்புக் கயிறா? அய்யோ அண்ணி, அதேதான்! அவுத்துடுங்க. அவனுக்குத் தெரியாம அவுத்துடுங்க" என்று அழுகிறாள். போனை வைத்துவிட்டேன். படித்தவள், பத்தாவது பாஸ், உரக்கடைக்காரனிடம் சண்டை போடுகிறவள், நான் போய் இதை நம்புவதா? ஆனால் பெற்ற வயிறு பத்தாவது பாஸா?

டூர் ஆள் அன்புச்செல்வன் நல்ல பையன், விருத்தாசலம். தலைவலி, வரவில்லை, நேற்றுப் பார்த்த கோயிலில் போய் உட்கார்கிறேன் என்றேன். டாக்சி பிடித்து, இடத்தைக் காட்டி ஏற்றிவிட்டான்.

நேராக மூங்கில் மறைப்புக்குப் போனேன். ஆள் இல்லை. கல் இருந்தது. முந்தானையை இடுப்பில் சொருகி உட்கார்ந்து முடிச்சைப் பிடித்தேன். இறுக்கமான முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். "எந்தச் சாமியோ, எந்தப் பேயோ, எம் புள்ளய வுட்டுடு" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை உருவினேன், கல்லைத் தூக்கிப் புதர் ஓரம் வைத்தேன்.

"யம்மா!"

திரும்பினேன். தோட்டத்தைப் பார்த்த மரத் திண்ணையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான் இளவரசன். பக்கத்தில் ஆபீஸ் பை, சாப்பாட்டு டப்பா. ஆபீஸில் இருக்க வேண்டியவன்.

ஓடி வந்தான். கல் இருந்த இடத்தைப் பார்த்தான். "இன்னாம்மா பண்ண? இன்னா பண்ணி வச்சிருக்க?" என்கிறான். அழுகிறான். நான் குறியைச் சொன்னேன், கட்டைச் சொன்னேன். காதில் ஏறவில்லை.

"அது சூனியம் இல்லம்மா. இதுக்கு மேல போவாதேன்னு அர்த்தம். தோட்டக்காரரு வைப்பாரு."

"அதுக்கு ஏன்டா இப்பிடி அழுவுற?"

"அந்தாண்ட கொளம் இருக்கு. ஆழம். யாரும் போவ மாட்டாங்க."

அப்புறம் அவனே சொன்னான். கம்பெனியில் இவன் பிரிவை மூடி ஏழு மாதம் ஆகிறது. வேறு வேலை கிடைக்கவில்லை. தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வருகிறான். இங்கேயே உட்கார்ந்து அந்தப் பாதையைப் பார்க்கிறான். "அந்தக் கல்லு இருக்குதேன்னுதாம்மா தெனம் திரும்பி ரூமுக்குப் போவேன். வேற ஒண்ணும் இல்ல, அது ஒண்ணுதான்."

நான் அவிழ்த்துவிட்டேன். பெற்றவளே பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டேன்.

போய் அந்தப் பாதையின் முதல் கல்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஸ்வெட்டர், புடவை, காலில் ஷூ. வெள்ளைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். "எழுந்திரும்மா, திட்டுவாங்க" என்றான். திட்டட்டும். டிக்கெட் அம்மாள் ஓடி வந்தாள். இவன் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். அவள் திட்டவில்லை. கல்லை எடுத்து அதே மாதிரி கட்டினாள். அவள் அதை வைப்பதற்காகத்தான் எழுந்தேன். அப்போதும் அவன் சட்டையை நான் விடவில்லை.

மார்ச் 27, வியாழன்

டூர் கூட்டம் டோக்கியோ போய்விட்டது. நான் போகவில்லை. அவன் அறையில் இருக்கிறேன். விசாவில் நாள் இருக்கிறது, டிக்கெட்டை மாற்றித் தருகிறேன் என்று அன்புச்செல்வன் சொல்லியிருக்கிறான்.

அறையில் ஒரு பாய்கூட விரிக்காமல் ஒரு மூலை காலியாக இருக்கிறது. டிவி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருக்கிறான். யாருக்கு என்று கேட்டேன். "வேண்டியவங்களுக்கு" என்றான். பொருளைக் கொடுக்கிறவன் ஊருக்குத் திரும்பத்தானே கொடுப்பான்? இவன் ஊருக்கு வருவதாக எங்கேயும் சொல்லவில்லையே.

சோறு வடித்தேன். மூன்று கவளம் சாப்பிட்டான்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆபீஸ் பாத்தியா, எத்தினி மாடி?" என்று ஆரம்பித்தவர், நான் சொல்லி முடித்ததும், "கூட்டிக்கினு வா" என்றார்.

இளவரசன் வர மாட்டேன் என்கிறான். "எந்த மூஞ்சிய வச்சிக்கினும்மா வருவேன்?" என்கிறான். பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸைத்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

விமானத்தில் எழுதுகிறேன். நீ வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துத்தான் அவனைக் கூட்டி வருகிறேன். பக்கத்தில் தூங்குகிறான். மேலே புடவைத் தலைப்பைப் போர்த்தினேன். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறேன். பைத்தியக்காரி.

ஏப்ரல் 7, திங்கள்

சின்னசேலம் ஸ்டேஷனுக்கு அவர் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மகனைப் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டீக்கடையில் ஒருவர், "இன்னா தங்கதுரை, பையன் வந்துட்டானா? லீவா?" என்றார். "கரும்புக்கு ஆள் கெடைக்கல. நான்தான் வந்துடுடான்னு கூப்ட்டேன்" என்றார் இவர், கொஞ்சமும் தயங்காமல். முப்பது வருஷமாக இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாப்பாத்தி மலைக்குச் சேவல் கொண்டுபோகிறாள், குறி பலித்ததற்கு. ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணி கட்டை அவிழ்த்தது, ரெண்டே வாரத்தில் பிள்ளை வந்துவிட்டான் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அவிழ்த்ததால் வந்தானா, அவிழ்த்தும் வந்தானா என்று எனக்குத்தான் தெரியும். சேவல்தான் பாவம்.

ஏப்ரல் 23, புதன்

சேலத்தில் மனநல டாக்டரிடம் போனோம். மாத்திரை. அவனிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். பிறகு என்னிடம், இப்போதைக்குத் தனியாக விடாதீர்கள், ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்றார். எப்படி விடுவது? அதற்கும் ஒரு மாத்திரை கொடுங்க என்று கேட்க நினைத்தேன்.

மே 6, செவ்வாய்

வயலுக்குப் போனால் பின்னாலேயே போகிறேன். கிணற்றுப் பக்கம் அவன் கால் திரும்பினால் என் கால் ஓடுகிறது. எங்கள் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. இன்று அவன் திரும்பி நின்று, "யம்மா, நான் பாத்ரூம் போனாகூட கதவாண்ட நிக்கிற" என்றான். சிரித்தான். தாமதமில்லாமல் வந்த சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனாலும் கதவருகில்தான் நிற்பேன்.

மே 22, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். அவர் ரிஷிவந்தியம் போயிருக்கிறார். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் இளவரசன் எழுந்தான். "மோட்டார் போட்டுட்டு வரேன்."

நானும் எழுந்தேன்.

"நீ வராதம்மா. நான் போறேன்."

கோபமில்லாமல்தான் சொன்னான். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வாசற்படியில் நின்றுவிட்டேன். கரும்புக்குள் அவன் தலை போனது, கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. கிணறு அதற்கும் அப்பால்.

குழம்பு கொதிக்கிறது. போய்ப் பார்க்கவில்லை. கால் தானாகப் படியில் இறங்குகிறது, நான் மறுபடி மேலே ஏற்றுகிறேன். ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வளவு நேரமா? ஏன் சத்தம் வரல? கரண்ட் போயிடுச்சா? உள்ளே ஓடிப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அய்யோ, டாக்டர், நீ நல்லா இருப்பியா, எம் புள்ளய விடச் சொன்னியே! செருப்பைக்கூடப் போடாமல் இறங்கினேன். வரப்பு வரைக்கும் போயிருப்பேன்.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவன் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்துப் போயிருந்தது. அதையே ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.