உன் அப்பா மணலில் படகு ஓட்டியது

ஹார்லிங்கன்,
ஆகஸ்ட் 9

என் கண்ணு நின்கெக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய வீம்பும் மூவருமாகச் சுகம். அங்கே வெலிங்டன் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

இந்த வருஷமும் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். போன வருஷம் அப்பா துறைமுகச் சுவரில் இடித்தாரே, அன்றிலிருந்தே உன் சித்தப்பா வீபெக்குச் சுக்கான் மேல் ஒரு கண். ஏறும்போதே எல்லார் முன்னாலும், "அண்ணே, இந்தத் தடவை எங்கயாவது தட்டுச்சுன்னா சுக்கான் என் கைக்கு வந்துடணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அப்பாவும் ரோஷத்தில் கையடித்துச் சம்மதித்துவிட்டார். முப்பது வருஷமாகப் பிடித்த சுக்கான், அது போனால் மனுஷர் உடைந்துபோவாரே என்று எனக்குக் கவலை.

மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் டெர்ஸ்கெல்லிங் தீவிலிருந்து திரும்புகிறோம், நான் கடுகு சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், படகு பொத்தென்று நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் தண்ணீரே இல்லை, மணல்தான். அப்பா அசரவில்லையே! "நான் வேணும்னுதான் நிறுத்தினேன், எறங்கி நடங்க, நல்ல காத்து" என்றார். தட்டை அடிப் படகைக் கடல் வற்றும்போது வேண்டுமென்றே உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம்தானே, நம்பியும் இருப்பார்கள். ஆனால் இம்கெ சித்தி அண்ணாந்து பார்த்து, "வேணும்னு நிறுத்தினவரு பாயை எறக்கிட்டு நிறுத்தக் கூடாதா அத்தான்?" என்று கேட்டாளே பார்க்கலாம். மேலே பாய் மூன்றும் காற்றில் விம்மிக்கொண்டு நிற்கின்றன. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீபெ மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணி வத்துற நேரத்தை இன்னைக்குக் காலையில பாத்தது யாரு?" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பார்த்தது நான், கண்ணு. காலையில் அப்பா நங்கூரம் தூக்கிக்கொண்டே, புத்தகத்தில் நேரம் பார்த்துச் சொல்லும்படி என்னிடம்தான் கேட்டார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறோமே, அதற்காகப் பழைய கடல் அட்டவணையில் நாமே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் புதுப் புத்தகத்தில் அவர்களே கூட்டிப் போட்டிருக்கிறார்கள். பழக்க தோஷம், நான் இன்னொரு மணி கூட்டிவிட்டேன், கடல் நான் சொன்னதற்கு ஒரு மணி முன்னாலேயே வற்றிவிட்டது. சொல்ல வாயைத் திறந்ததும் அப்பா என் காலை நறுக்கென்று மிதித்தார். "நான்தாண்டா பாத்தேன், தப்பு என்னோடது" என்று சுக்கானை விட்டு எழுந்துவிட்டார். மிச்ச நாளெல்லாம் உருளைக்கிழங்கு உரித்தார், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

வீட்டுக்கு வந்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "உன் பேரு தெரிஞ்சா இம்கெ ஆயுசுக்கும் குத்திக்காட்டுவா, எனக்கென்ன, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறந்தும் படகைப் பற்றிக் கேலி பேசாதே. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் செய்த தப்பு ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷர், செய்யாத தப்பை எனக்காக ஒப்புக்கொண்டார் என்பதை நீ ஒருத்தியாவது தெரிந்து வைத்துக்கொள்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா ஆவ்கெ