மேற்குச் சுவரில் நான்கு ஜன்னல்கள்

அன்புள்ள நண்பா,

நான் இப்போது சொல்லப்போவதை ஈரேழு பதினான்கு உலகங்களிலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வலது கையை நெஞ்சில் வைத்து இதை உறுதியாகச் சொல்கிறேன். இடது கையையும் வைத்திருப்பேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் அது இன்று சபைக்கு வரவில்லை.

காலையில் உன் மகள் பவானி, ஆபீஸ் பீரோவின் உச்சியிலிருந்து தூசி படிந்த ஒரு தகரக் குழாயை இறக்கினாள். உள்ளே பழைய வரைபடங்கள். மூடியைத் திருகினாள், அவ்வளவுதான். வரைபடத்துக்கு நகல் எடுக்க அந்தக் காலத்தில் நாம் பயன்படுத்திய அம்மோனியாவின் நெடி குப்பென்று கிளம்பி என் மூக்கில் ஏறியது. எத்தனை வருஷமாக அது உள்ளே எனக்காகக் காத்திருந்ததோ. காஞ்சிபுரம் முழுக்க மயங்கி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது.

"அழறீங்களா பெரியப்பா?"

"கெமிக்கல்மா."

பாதி கெமிக்கல்தான்.

ஏன் குழாயை இறக்கினாள் என்று சொல்லிவிடுகிறேன். ஏதோ ஓர் அரசாங்கப் பட்டியலில் நம் பெயரைச் சேர்க்கப் படிவம் நிரப்புகிறாள். 'நிறுவனத்தின் வரலாறும் சாதனைகளும்', இரண்டு பக்கம் வேண்டுமாம். "பழசு தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். ஆனா ப்ளீஸ், ரீல் மட்டும் விடாதீங்க" என்றாள். பசித்தவனிடம் இலையைப் போட்டுச் சாப்பிடாதே என்கிற மாதிரி இருந்தது.

நானும் எழுதினேன். ஆசியாக் கண்டத்தின் மாபெரும் கட்டடக்கலை நிறுவனம், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் உதயமானது. மொத்தப் படைபலம் இரண்டு பேர். நீ சென்னையில் படித்துப் பட்டம் வாங்கிய ஆர்க்கிடெக்ட், நான் டிப்ளமா வாங்கிய படம் வரைபவன். ஒரு மேசை, ஒன்றரை ஸ்டூல். அந்த அரை ஸ்டூலுக்கு மூன்றே கால்கள். நான்காவதாக என் காலையே முட்டுக் கொடுத்துக்கொண்டு பதினெட்டு கட்டடங்கள் வரைந்தேன்.

முதல் சாதனை, ஐயம்பேட்டையில் ஒரு விவசாயி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். 'சந்திரனிலிருந்து பார்த்தால் தெரியும்' என்று எழுதியிருந்தேன். பவானி ஓரத்தில் சிவப்பு மையால், 'இருபது அடிச் சுவர்' என்று குறித்தாள். அடுத்தது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஒரு கோடியில் காலை டிபனுக்கு உட்கார்ந்தவரிடம் சாம்பார் வாளி வந்து சேர்வதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத தூரம் என்பதால் அங்கே ஒரு கல்யாணத்திலும் சண்டை வந்ததில்லை. அதையும் அடித்தாள். திருமுக்கூடல் பக்கம் நாம் கட்டிய பள்ளிக்கூடத்தின் முதல் படியை, வெள்ளம் வந்த வருஷம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ந்து வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அந்தப் பத்தி முழுவதுக்கும் குறுக்கே ஒரு கோடு.

முன்பெல்லாம் ஒரு புளுகை வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக முளைப்பேன். இப்போது முடிவதில்லை. மாடிப்படி இருபத்திரண்டையும் ஏறி வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், நீ போன இரண்டு வருஷமாகப் புளுகுவதே அலுப்பாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து "அடச்சீ, வாய மூடுய்யா" என்று சொல்ல ஆள் இல்லாமல் எப்படிப் புளுகுவது? பவானி சிரிக்கிறாள், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறாள்.

எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "அப்பா எப்டி வேலை செஞ்சாரு, அத எழுதுங்க" என்றாள்.

எப்படிச் செய்தாய்? வீடு கட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும், அவர்கள் அப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாய். டேப் கிடையாது, பென்சில் கிடையாது. எங்கே செருப்பை விடுகிறார்கள், எந்த வாசல்படியில் யாருக்குத் தலை இடிக்கிறது, எந்த நேரம் எந்தக் கதவைச் சாத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். "இந்தாளு ஊடு கட்ட வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?" என்று ஓர் அம்மாள் உன் காது கேட்கவே கேட்டாள். நானும் உன்னைக் கேலி செய்வேன். "உக்காராம கோடு போடாதப்பா" என்பாய். அதற்கு மேல் விளக்கம் சொன்னதில்லை.

பிள்ளையார்பாளையத்து ஏகாம்பரம் வந்தபோது உனக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லியும் மோருமாகப் படுத்திருந்தாய். ஏகாம்பரம் பட்டு நெசவாளி. இரண்டு தறி போட ஓட்டுக் கூரையில் ஒரு கூடம் வேண்டும், ஆடிக்குள் முடிய வேண்டும் என்றார். நானே போதும் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. பாவம், மனிதர் வேர்த்து வழிய நெய்கிறார், காற்று வாங்கட்டும் என்று பாடப் புத்தகத்தில் படித்தபடி மேற்குச் சுவரில் நான்கு, கிழக்கே நான்கு ஜன்னல்கள் போட்டேன். மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

ஒரு பகல் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். தறி ஓடும் நேரத்தில் அந்த வீட்டில் ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். பட்டு இழைக்குக் காற்று ஆகாது. காய்ந்தால் அறும்.

ஆடி பிறந்தது. மேல்காற்று நான்கு ஜன்னல்களிலும் நுழைந்து கிழக்கே வெளியேறியது. தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. தறியில் இருந்தது ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பெண்ணுக்கான கூரைப்புடவை. ஏகாம்பரத்தின் மனைவி சம்பூர்ணம் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அறுந்ததை முடிந்துகொண்டிருந்தாள். இவள் ஒன்றை முடிவதற்குள் அங்கே இரண்டு அறும். இந்த இடத்தில் நான் எதையும் பெரிதாக்கவில்லை. போய்ப் பார்த்தேன். அந்த அம்மாளின் விரல் நுனி வெடித்திருந்தது.

நீ எழுந்து ஆபீசுக்கு வந்த முதல் நாள், கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை, ஏகாம்பரம் படி அதிர ஏறி வந்தார்.

"யாருய்யா அந்த ஜன்னல வெச்சது? தறிக்கு ஜன்னல் வெச்சீங்களா, காத்தாடி வுட வெச்சீங்களா?"

நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நன்றாகச் சீவிய பென்சிலை மறுபடி சீவினேன். நீ மூலப்படத்தை எடுத்து விரித்தாய். ஜன்னல்களைப் பார்த்தாய். மூலைக் கட்டத்தைப் பார்த்தாய். சுருட்டினாய்.

"நான்தான் வெச்சேன்."

"நீயா? படிச்சவந்தானே நீ?"

"படிச்சதாலதான்பா."

"நல்லா படிச்ச, போ. காத்தாடி இன்ஜினியரு!"

அவர் டீக்கடைக்குப் போய்ச் சேருமுன் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டினாய். "விடுப்பா. எனக்கு டிகிரி இருக்குது, ஒரு தப்பத் தாங்கும். உன் பேருல இது ஏறிச்சின்னா, ஒருத்தனும் உன்ன நம்பிக் கோடு போட வுட மாட்டான்."

நான் விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சந்திரனிலிருந்து தெரியும் சுவரைக் கட்டியவனுக்கு அன்று "இல்லை, நான்தான்" என்ற இரண்டு சொல் வரவில்லை.

மறுநாள் நீ ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் ஒரு பகல் உட்கார்ந்தாய். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "காத்தாடி வந்துக்கினு கீறாரு, பாவ புடிச்சிக்கோங்கபா" என்று சிரித்தார்கள். உட்கார்ந்தே இருந்தாய். அந்த வாரமே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தாய். தறிக்கு நேர் மேலே கூரையில் நான்கு கண்ணாடி ஓடுகள் பதித்தாய். வெளிச்சம் வந்தது, காற்று வரவில்லை. புடவை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எத்தனை நெசவாளர்கள் அந்த மாதிரிக் கூடம் கேட்டு நம் படியேறினார்கள்! நம் நிறுவனத்துக்கு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கண்ணாடி ஓட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வந்தவர்கள் எல்லாம் கீழே கடையில், "காத்தாடி ஆபீசு மாடியிலயா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

பவானி மூன்றாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். 'காத்தாடி பொண்ணு' என்று பள்ளியில் கூப்பிட்டார்களாம். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்துக் கட்டடக் கலைஞர்கள் எல்லாரும் கூடிய சபையில் புயலை ஒற்றைக் கையால் நிறுத்தியதற்காக அப்பாவுக்குக் கொடுத்த பட்டம் அது என்று சொன்னேன். யானை, முரசு, தங்கத்தில் ஒரு காத்தாடி. அவள் அழுகை நின்றது. நீ மேசையிலிருந்து நிமிரவே இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன்.

குழாயிலிருந்து அவள் உருவியது ஏகாம்பரம் வீட்டின் மூலப்படம். டிரேசிங் தாள், பழுத்த இலை மாதிரி மஞ்சளாகிவிட்டது. நகல்கள் எல்லாம் அப்போதே மேஸ்திரி கையில் கிழிந்து போயின. இது ஒன்றுதான் மிச்சம். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"பெரியப்பா, இங்க பாருங்களேன். 'வரைந்தவர்' கட்டத்துல பிளேடு போட்டு சுரண்டி, அது மேல அப்பா பேரு எழுதியிருக்குது. முன்னாடி யாரு பேரு இருந்துச்சி?"

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏகாம்பரத்திடம் சொன்னதோடு நீ விட்டுவிட்டாய் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நான் இல்லாத ஏதோ ஒரு பகலில், அரைப் பிளேடை எடுத்து, தாள் கிழியாமல், மையை மட்டும் துளித்துளியாகச் சுரண்டி என் பெயரை எடுத்திருக்கிறாய். அதற்கு அரைமணியாவது ஆகியிருக்கும். அந்த அரைமணி நேரம் என்ன நினைத்துக்கொண்டு சுரண்டினாய் என்று கேட்க இனி வழியில்லை.

வாய் பழக்கத்தில் தானே திறந்தது. "அது ஒரு பெரிய கதம்மா. அந்தக் காலத்துல ஒரு எலி..."

"பெரியப்பா. ரீல் வேணாம்."

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "என் பேரும்மா. ஜன்னல வெச்சது நானு. அப்பா மஞ்சக்காமாலையில படுத்துக்கினு இருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. காத்தாடின்ற பேரு எனக்கு வந்திருக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். முகம் மெல்லக் கனிந்தது. சிரித்தாள். என் தோளில் கை வைத்தாள், வலிக்கிற தோளில்.

"அப்பாவுக்காக இவ்ளோ தூரம் போவீங்களா பெரியப்பா?"

"பொய் இல்லம்மா."

"சந்திரன்ல இருந்து தெரியற சுவரும் பொய் இல்லன்னுதான் சொன்னீங்க."

"எழுத்த பாரு. என் எழுத்துதான?"

"படம் பூரா ஸ்டென்சில் வெச்சி எழுதினது. ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துதான். அப்பா முதல்ல தப்பா எழுதியிருப்பாரு, சுரண்டிட்டு திருப்பி எழுதியிருப்பாரு. விடுங்க."

சாட்சிக்கு ஏகாம்பரத்தைக் கூப்பிடலாம் என்றால் அவர் உனக்கு முன்பே கிளம்பிவிட்டார். இருந்தாலும் அவர் உன்னைத்தான் காட்டியிருப்பார். நான் இரண்டு முறை சத்தியம் செய்தேன். என் சத்தியத்தின் மதிப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "சரி சரி, காபி சொல்றேன்" என்றாள்.

அப்புறம் கணினியில் தட்டிய பத்தியை எனக்குப் படித்துக் காட்டினாள். 'நிறுவனர் தம் தொடக்க காலத்தில் செய்த ஒரு தவறைத் தாமே ஒப்புக்கொண்டு திருத்தியதிலிருந்து எமது தறிக்கூட வடிவமைப்பு பிறந்தது.' "இதுதான் அப்பாவோட பெருமை. நீங்க என்ன சொன்னாலும் இத எடுக்க மாட்டேன்" என்றாள். படிவம் போய்விட்டது. இனி அது அரசாங்க ஆவணம். ஊர்ச் சிரிப்பு டீக்கடையோடு போயிருக்கும். நான் வாயைத் திறந்ததால் இப்போது என் தவறு உன் பெயரில் முத்திரையோடு பதிவாகிவிட்டது.

காபியை முடித்துவிட்டுப் படியிறங்கினேன். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். சொல்லியாயிற்று, இறங்கவில்லை. அன்று பென்சில் சீவிக்கொண்டிருந்தவனை நான்தான் கடைசிவரை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் போலிருக்கிறது. வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை.

நாளைக்கும் அவளிடம் சொல்வேன். நாளன்றைக்கும் சொல்வேன். அவள் சிரிப்பாள். இந்த மடலில் நான் எழுதியவற்றில் எதை வேண்டுமானாலும் புளுகு என்று தள்ளிக்கொள், நான் வழக்குக்கு வர மாட்டேன். ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். அந்த ஜன்னல்களை வைத்தது நான். உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் நம்புகிறவனிடம் ஒரு முறையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.