நெஞ்சில் ஏறிய பாரமும் கிடைத்த லீவும்

அன்புள்ள றுக்ஷானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இருமல் குறைந்ததா? புத்தளத்தில் பிள்ளைகள் சுகமா? யாழ்ப்பாணத்தில் நான் நலம்.

நேற்று மதியம் கடையின் பின்னறையில் கண்ணயர்ந்தேன். விழித்தால் கை கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் பாரம். பயப்படாதே, இது பலருக்கும் வருவதுதானாம், டொக்டர் சொன்னார். ஆனால் முதலாளி பக்கீர் நானா கூப்பிட்டும் நான் அசையாததால், உயிர் போய் மவுத்தாகிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் கதறினார்.

"ஐயோ, இவனைப் போல நல்ல பொடியன் இனி எங்கை கிடைப்பான்! வீட்டை போக லீவு கேட்டவன், நான் குடுக்கேல்லையே!"

அந்த நேரம் பார்த்து என் நாக்கு அவிழ்ந்தது.

"இப்ப தாங்கோ நானா."

அவரால் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமை வருகிறேன். அந்தப் பாரம் திரும்ப வராமலிருக்க நான் மல்லாந்து படுக்கக் கூடாதாம், ஒருக்களித்துத்தான் படுக்கவேணுமாம். திரும்பும்போது கொண்டுவர, அணைத்துப் படுக்க ஒரு தலையணை தைத்து வை. புதுத் துணி வேண்டாம், உன் பழைய சேலை போதும்.

நானா கூப்பிடுகிறார்.

உன் ஜிப்ரி