உன் மகன் நின்ற கரை

நேற்றுக் காலை தொலைக்காட்சியில் பாய்ப்படகுகள் ஓடின. எங்கோ ஒரு நாட்டில் பெரிய விளையாட்டு விழா நடக்கிறது. எந்த நாடு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போதெல்லாம் தண்ணீரின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்கள். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, யார் எந்த நாட்டுக்காரன் என்று கொடியும் எழுத்துமாய் வந்து போகிறது. நம் காலத்தில் இப்படிக் காட்டியிருந்தால், "மறைக்குது, அழிக்கச் சொல்லு கா" என்று என்னைத்தான் ஏசியிருப்பாய். உனக்குப் படகு தேவைப்படவில்லை. படகுக்குப் பின்னால் இருந்த கரைதான் தேவைப்பட்டது.

கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப் போனது. விளம்பரம் வந்தது, சமையல் வந்தது, பிறகு யாரோ அழுகிற நாடகம் வந்தது. நான் எழும்பவே இல்லை. வீட்டில் வேறு ஆள் இருந்திருந்தால் என்ன நடந்தது என்று கேட்டிருக்கும். கேட்க ஆளில்லாததால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சிட்னியில் ஒலிம்பிக் நடந்த வருஷம் அது. உன் மகன் அங்கே போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பிளைப் பிள்ளையை வாவியின் எந்தக் கரையிலும் வைத்திருக்க முடியாத காலம். உன் பக்கம் படுவான்கரையில் இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டது. என் பக்கம் எழுவான்கரையில் ஆமி வயதைப் பார்த்தே பிடித்தது. புருஷனையும் இழந்து, இருந்த ஒரே பிள்ளையையும் கொழும்புக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, என் வீட்டுக் கிணற்றடியில் வந்து வெயில் சாயும்வரை குந்திக்கொண்டிருந்தாய். போகும்போது அவன் கையில் நீ கொடுத்தது இடுப்பில் கட்டுகிற ஒரு மருதமுனைச் சாரன், சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்டது. பிறகு அவன் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினான். தடித்த சட்டை, கறுப்புக் கண்ணாடி. நீ அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "கண் தெரியல்லயே கா. இது அவன்தான் எண்டு என்னெண்டு நம்புற?" என்றாய்.

மாதத்தில் ஒரு ஞாயிறு களுவாஞ்சிக்குடிக் கொமினிக்கேஷன் கடைக்கு அவன் போன் எடுப்பான். நீ தனியே போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போவாய். அப்படி ஒரு ஞாயிறில்தான் சொன்னான். அவன் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக் கடை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். ஒலிம்பிக் படகோட்டம் அந்தத் தண்ணீரில்தான் நடக்கப் போகிறதாம். "அம்மா, டீவியில காட்டுவானுகள். நான் கரையில சாரனப் பிடிச்சிக்கிட்டு நிப்பன். பாருங்க" என்றான். நீ ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், என் வீட்டுத் தொலைக்காட்சி அன்றே உன்னுடையதாகிவிட்டது.

அம்பிளாந்துறையில் உங்களுக்குக் கரண்ட் இல்லை. களுதாவளையில் எனக்குக் கரண்டும் இருந்தது, என் வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த டீவிப் பெட்டியும் இருந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமானது பிறகு வந்த கதை. உனக்குத் தெரிந்த கதைதானே.

நீ விடிய வெள்ளாப்பில் எழும்பி, துறைக்கு வந்து, பாதையில் ஏறுவாய். இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்த எங்கள் ஓடத்துக்கு யார் பாதை என்று பெயர் வைத்தார்களோ, அந்த நாளில் எங்களுக்கு வேறு பாதையும் இருக்கவில்லை. இந்தக் கரையில் இறங்கினால் ஆமிச் சென்றி. அடையாள அட்டையைக் கொடுத்து, எதற்கு வருகிறாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி, கச்சேரி அலுவல், செத்த வீடு என்று சொல்லுகிற இடத்தில் நீ "டீவி பாக்க" என்றாய். அந்தச் சிப்பாய்ப் பொடியனுக்கு விளங்கவில்லை. கையை விரித்துப் பாய்ப்படகு மாதிரிக் காட்டி "ஒலிம்பிக்" என்றாயாம். அவன் சிரித்துவிட்டு விட்டானாம். அன்று திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, "ஸ்ரீ லங்கா வின்?" என்று கேட்டானாம். "இல்ல தம்பி, தோணி மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் பாதையில் ஏறினாயாம்.

தோணியையும் அவர்கள் சும்மா காட்டினார்களா? ஓட்டம், நீச்சல், பளு தூக்குவது எல்லாம் காட்டி, முடிந்த ஓட்டத்தையே திருப்பித் திருப்பிக் காட்டி, இடையில் துண்டு துண்டாய்த்தான் படகோட்டம் வரும். நீ நிலத்தில் பாய் போட்டு, ஓலைப் பெட்டியில் கொண்டுவந்த கச்சான் கடலையை உடைத்துக்கொண்டு காத்திருப்பாய். துறைமுகத்துப் பாலத்தை முதன்முதலாகக் காட்டியபோது, "நம்மட கல்லடிப் பாலத்த வளைச்சி வச்ச மாதிரிக் கிடக்கு" என்றாய். அதன் பிறகு அந்த ஊர் உனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

முதல் நாள் நாம் பார்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. படகுகளெல்லாம் ஒரு இடத்தில் கிறுகிக் கிறுகி நின்றன, போகவில்லை. நடுவில் ஒரு பெரிய படகு நின்றது. அதில் கொடிகள் ஏறின, இறங்கின. தொப்பி போட்டவர்கள் தூரக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ கச்சானை நிறுத்தினாய்.

"சென்றியாக்கும். செக் பண்ணித்தான் விடுவானுகள்."

"ஓம் போல" என்றேன் நானும். மெத்தப் படித்தவள் மாதிரி.

வாவியில் ஆமி முகாமைக் கடக்கும் தோணிகள் வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நீ அந்தப் பாய்களைப் பார்த்து, "அங்க இவ்வளவு பெரிய துணியா கட்டச் சொல்லியிருக்கானுகள்?" என்றாய். பகிடிக்குச் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரம் பெரிய படகிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது, புகையும் வந்தது. அடுத்த கணம் நாம் இருவரும் தரையில். நீ பாயில் குப்புற, நான் மேசைக்குக் கீழே. தலையைத் தூக்கிப் பார்த்தால் படகுகள் எல்லாம் சந்தோசமாய்ப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். முந்திப் புறப்பட்டால் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி என்று கனகாலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அன்று நீ சேலையைத் தட்டிக்கொண்டே, "பாவம், அவனுக்குப் பாஸ் முடிஞ்சி போச்சி" என்றாய். பிறகு வந்த நாட்களில் யார் வெல்கிறான் என்று நாம் பார்த்ததே இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவன் வந்து சேர்ந்தானா என்றுதான் பார்த்தோம்.

ஆனால் கரையைக் காட்டவில்லை. ஹெலிகொப்டரிலிருந்து பாய்களைக் காட்டினார்கள், நுரையைக் காட்டினார்கள், கயிறு இழுக்கிறவனின் முகத்தை மயிர்க்கால் தெரியக் காட்டினார்கள். கரை வந்தால் தூரத்தில் ஒரு பச்சை வரி, அவ்வளவுதான். "அந்தப் பக்கம் ஒள்ளுப்பம் திருப்பினா என்ன குறைஞ்சி போகும் அவனுகளுக்கு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாய். நான் தேத்தண்ணீர் போட எழும்பிப் போவேன். சிட்னிக் கமராக்காரனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

ஒரு நாள் திருப்பினார்கள். கமரா ஒரு படகின் பின்னாலேயே போய், அதை விட்டுவிட்டு, மெல்லக் கரைப் பக்கம் வந்தது. பாறை தெரிந்தது. பாறை முழுக்க ஆட்கள், கடுகு கடுகாய். நீ எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போய் முழங்காலில் நின்றாய். சிவப்பாய் ஏதோ ஒன்று ஆடியது மாதிரி இருந்தது. சாரனா, கொடியா, எவளுடையதோ குடையா, தெரியவில்லை. கமரா இன்னும் கிட்டப் போனது. கரண்ட் நின்றது.

மின்விசிறி சுற்றி ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நீ எழும்பவில்லை. உள்ளங்கையை அந்தக் கண்ணாடியில் வைத்தபடியே இருந்தாய். "இன்னும் சூடாக் கிடக்கு கா" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அழவில்லை. கரண்ட் வந்தபோது யாரோ நீந்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிறு, கொமினிக்கேஷன் கடை. கண்ணாடிக் கூட்டுக்குள் நீயும் நானும் நெருக்கி நின்றோம். லைன் அன்று தெளிவு, அவன் சொல்வது எனக்கும் கேட்டது. இருமினான். இடைவிடாமல் இருமினான். காற்று குளிராம். தினமும் வேலைக்குப் பிந்திப் போனதால் முதலாளி கத்துகிறானாம். இனியும் பிந்தினால் வரவேண்டாம் என்கிறானாம். ஆனாலும் படகோட்டம் முடியும்வரைக்கும் நிற்கத்தான் போகிறானாம். கடைசியில் கேட்டான்.

"கண்டயளாம்மா?"

நீ ஒரு மூச்சு எடுக்கிற நேரம்கூடத் தாமதிக்கவில்லை.

"கண்டனான் மனே. நல்லாக் கண்டன். சாரனப் பிடிச்சிக்கிட்டு பாறையில நிண்டாய். மெலிஞ்சிதான் போயிற்றாய். அம்மா கண்டிற்றன் தானே, இனி நிக்காத. காத்துப் படும். வேலைக்குப் போ."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கண்ணாடி போட்டிருந்தனான். எண்டாலும் கண்டயளா?" என்றான். "கண்ணாடி போட்டா எனக்குத் தெரியாதா மனே?" என்றாய்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. நீ சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "நான் காணாட்டி அவன் நிண்டுகிட்டேதான் இருப்பான். நான் கண்டாத்தான் அவன் வீட்ட போவான்." பார்க்கிறதற்காகவே அத்தனை நாளும் வாவி கடந்து வந்தவள், பார்க்க இருந்த ஒரே வழியையும் உன் வாயாலேயே அடைத்துவிட்டாய் என்பது எனக்கு விளங்கியது.

நீ இனி வரமாட்டாய் என்று நினைத்தேன். மறுநாள் வழமை போல வந்து நின்றாய். அவன்தான் நிற்கமாட்டானே, பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"அவன்ட ஊர்க் காத்து இண்டைக்கு எப்படி எண்டு பாத்திற்றுப் போவமெண்டு."

அன்றுதான் நானும் பார்க்கப் பழகினேன். பாய் விம்மி, படகு ஒரு பக்கம் சாய்ந்து, ஆட்கள் மறுபக்கம் தொங்கினால் அவனுக்கு அன்று குளிர். பாய் தொங்கிப் படகுகள் அசையாமல் நின்றால், "இண்டைக்குப் புழுக்கம், பிள்ளைக்குச் சுகம்" என்பாய். உலகம் முழுக்கப் பதக்கத்துக்காகப் பார்த்த போட்டியில், தன் பிள்ளை சட்டை போட்டானா இல்லையா என்று பார்த்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். படகோட்டம் முடிந்த அன்று, வென்றவர்கள் தண்ணீருக்குள் குதித்து விளையாடியதைப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தாய். "சரி கா, வாறன்" என்றாய். அடுத்த ஒலிம்பிக் எந்த ஊரில் என்று நீ கேட்கவும் இல்லை. வேறு ஊர்க் காற்று உனக்கு எதற்கு?

உன் பக்கம் கடைசியாகச் சண்டை வந்து, படுவான்கரைச் சனம் முழுக்க வாவியைக் கடந்து அகதி முகாம்களுக்கு வந்தபோது நீயும் வந்தாய். என் வீட்டில் வந்து இரு என்று எத்தனை தரம் கெஞ்சினேன். ஊர்ச்சனத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாய். காய்ச்சல் ஒன்று வந்து, அந்தத் தறப்பாள் கொட்டிலுக்குள்ளேயே போய்விட்டாய். மகனால் வர முடியவில்லை. கொள்ளிக்குடத்தை உன் தம்பி மகன் தூக்கினான். எனக்கு உன் மேல் இன்றும் கோபம்தான். பிடிவாதக்காரி.

சண்டை முடிந்த பிறகு அவன் வந்தான். துறையில் சென்றி இல்லை. வாகனத்தில் இறங்கி என் படலையைத் திறந்துகொண்டு வந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயிறு வைத்து, முன்மயிர் கொட்டி, அதே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி. "மாமி" என்றான். குரலில் பிடித்துக்கொண்டேன். உன் இடத்தில், அந்த நிலத்தில்தான் இருந்தான். கதிரை வேண்டாம் என்றான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மாமி, அண்டைக்கு அம்மா உண்மையாவே என்னைக் கண்டவவா?"

நீ சொல்லிவிட்டுப் போனதை நான் போட்டு உடைக்கவா? "ஓம் மனே" என்றேன். "நானும் பக்கத்திலதான் இருந்தன். நல்லாக் கண்டவ. மெலிஞ்சி போயிற்றான் எண்டு சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவ." அவன் தலையை ஆட்டினான். "அந்தச் சாரன் இப்பவும் கிடக்கு மாமி. அதாலதான் கண்டிருப்பா" என்றான்.

போக எழும்பியபோது மறித்தேன். "கண்ணாடியக் கழட்டு மனே" என்றேன். கழற்றினான். உன் கண்தான், அப்படியே. நீ வாவி கடந்து வந்து வந்து பார்க்கக் காத்திருந்த முகத்தை, நீ இல்லாத என் முற்றத்தில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்காமல் போனதே. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவன்தான் என் கையைப் பிடித்துப் படியில் இருத்தினான்.

இப்போதும் போன் எடுப்பான், நல்ல நாள் பெருநாளுக்கு. மற்ற நாளெல்லாம் நானும் இந்தப் பெட்டியும்தான். எங்காவது பாய்ப்படகு ஓடினால் மாற்றாமல் விடுகிறேன். இத்தனை வருஷம் பார்த்தும் யார் வென்றான், யார் தோற்றான் என்று எனக்குத் தெரியாது. பின்னால் கரை தெரிந்தால் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்க்கிறேன். நேற்றும் போனேன். அங்கே காற்று நல்ல பலம். கரையில் நின்றவர்கள் எல்லாரும் தடித்த சட்டை போட்டிருந்தார்கள்.