வலது பக்கத்து பிரேக்

என் கண்ணு மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கராஜில் இறக்கை முளைக்காமல் கிடக்கும் மூன்றாவது ஆளான விமானமும் சௌக்கியம். உன் ஆஸ்திரேலிய ஹோபார்ட்டில் இப்போது நடுக்குகிற குளிராக இருக்கும், இங்கே விஸ்கான்சினில் சட்டை முதுகோடு ஒட்டுகிற புழுக்கம். நீ கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் மாட்டுக் கொட்டகைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதிக் கதையிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், மீதி உன் காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

போன தடவை நீ என்னிடம் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அப்பாவ எப்பிடியாச்சும் நிறுத்தும்மா, வீட்ல செஞ்ச விமானத்துல ரெண்டு பேரும் ஏறி ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டா எனக்கு யாரு இருக்கா என்றாய். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால், இந்தக் கோடையில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

விமானத்தின் உடற்பகுதிக்கான பெட்டிகள் வருவதற்கு முன்பு, என்னென்ன கூடுதலாக வேண்டும், எதெல்லாம் வேண்டாம் என்று, விமானத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிற கிட் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் புடவைக்குக்கூட மனிதர்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். உன் அப்பாவுக்கு மூன்றாவது சக்கரம் மூக்கடியில் கூடாது, வால் சக்கரமாக வேண்டும், அதுதான் பார்க்க அழகாம். தலைக்கு மேல் கண்ணாடி மூடி பின்னால் வழுக்கித் திறக்க வேண்டும், முன்னால் தூக்கித் திறப்பது கூடாது. ஆட்டோபைலட் வேண்டும். இரண்டாவது திரை வேண்டும். உட்காரும் இடம் சூடாக வேண்டும், கேட்டால் ஜனவரியில நீயே என்னக் கும்பிடுவ என்கிறார். நான் கேட்டது இரண்டே இரண்டு. ஏறி இறங்க இரு பக்கமும் கால் வைக்க ஒரு படி, அப்புறம் என் பக்கத்துப் பெடல்களிலும் பிரேக். இதில்தான் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. படியா, அது காத்த இழுக்கும், வேகம் கொறையும் என்றார். எவ்ளோ கொறையும் என்றேன். மணிக்கு ஒரு மைல் இருக்கும் என்றார். அந்த ஒரு மைல்ல நீ எங்க போயி எந்த நெருப்ப அணைக்கப் போற மெரில் என்று கேட்டேன். உடனே பிரேக்குக்குத் தாவிவிட்டார். ஓட்டறவன் நான், இடது பக்கம் உக்காருறவன் நான், உனக்கெதுக்கு ஆர்லிஸ் பிரேக்கு, வீணா எட, வீணா குழாயி, அது ஒழுகுனா நான்தான் தலைகீழாத் தொங்கித் துடைக்கணும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று ராத்திரி ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தை அவருக்கு வெட்டி வைக்கவில்லை, நானே தின்றேன்.

சண்டை தீர வேண்டும் என்று அப்பாவே ஒரு வழி பண்ணினார். லார்ன் துபிக்கியை நினைவிருக்கிறதா, வீட்டருகே விமானம் இறங்கும் புல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கத்து வீடு, உன் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் டிரம் அடித்த பையனின் அப்பா. அவரும் இதே கிட்டைத்தான் கட்டிப் பறந்துகொண்டிருக்கிறார். வழுக்கும் மூடி, மூக்குச் சக்கரம், வலது பக்கம் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கும் பெடலும் உண்டு, பிரேக் மட்டும் கிடையாது. இவளை ஒரு சுத்து கூட்டிட்டுப் போய்ட்டு வா லார்ன், உக்காந்து பாத்தா வாய் அடங்கும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். வாய் எங்கே அடங்கியது, நடந்ததைக் கேள்.

ஆற்று வளைவுக்கு மேலே போய்க்கொண்டிருந்தோம். சோளக் காடெல்லாம் சீவி விட்ட தலைமுடி மாதிரி அழகாக இருந்தது. ஏதோ சொல்லித் திரும்பினேன், லார்னின் முகம் மெழுகு நிறத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இதயமா லார்ன் என்று கத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இதயமில்ல ஆர்லிஸ், கல்லு, சிறுநீரகக் கல்லு, முன்னாடியும் வந்திருக்கு, முதுகுல கத்திய எறக்குது, நீ புடி நீ புடி என்று ஸ்டிக்கை விட்டுவிட்டார். கால் இரண்டையும் மார்போடு இழுத்துக்கொண்டு நத்தை மாதிரிச் சுருண்டுவிட்டார். நான் பிடித்தேன். அப்பாவின் பழைய விமானத்தில் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாண்ட்விச் தின்னும்போதெல்லாம் நான்தானே நேராகப் பிடித்திருக்கிறேன். தரையில் இறக்கியதுதான் இல்லை. பயந்தாயா அம்மா என்று கேட்பாய். பயந்தேன். ஆனால் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் பனிக்கட்டி மூடிய மேட்டிலிருந்து அதை இறக்கியவள் நான், அன்றைக்குப் பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது, இங்கே முனகுகிற ஆள் ஒருத்தர்தான்.

வலி கொஞ்சம் விடும்போதெல்லாம் லார்ன் சொன்னார், இன்ஜினக் கொற, மூக்க எறக்கு, வேக முள்ளு அந்த வெள்ளக் கோட்டுக்குக் கீழ போகக் கூடாது. முதல் தடவை ஓடுபாதைக்கு ரொம்ப உயரமாக வந்துவிட்டேன். விட்ரு, மேல ஏத்து, மறுபடி சுத்தி வா என்றார், அதையும் செய்தேன். இரண்டாவது தடவை தரையில் பட்டுத் துள்ளியது, மறுபடி பட்டுத் துள்ளியது, அப்புறம் உட்கார்ந்தது. அப்பாடா என்று வழக்கமாகப் பிரேக் இருக்கும் பெடலின் மேல் நுனியை மிதித்தேன் பார், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இடது பக்கத்தில் பிரேக் இருக்கிறது, அங்கே மிதிக்கக் கால் இல்லை. புல் முடிந்தது, வேலி இல்லாதது கடவுள் புண்ணியம், நேரே சோயா வயலுக்குள் உழுதுகொண்டு போய் மெத்தையில் விழுந்த மாதிரி நின்றது. இன்ஜினை அணைத்தேன். மூக்குச் சக்கரமாக இருந்ததால் நேராக ஓடியது, அப்பா ஆசைப்பட்ட வால் சக்கரமாக இருந்திருந்தால் தட்டாமாலை சுற்றியிருப்போம் என்று லார்னே அப்புறம் சொன்னார்.

அப்பா ஓடி வந்தார் மாரிட். முட்டி வலி என்று தபால் பெட்டிக்குக்கூட காரில் போகிற மனுஷன், செடியெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, ஏண்டி பிரேக் போடல. நான் அவரைப் பார்த்தேன். எம்பக்கம் பிரேக்கு எதுக்குன்னு ஒரு பெரிய மனுஷன் சொன்னாரே, மறந்துட்டியா என்றேன். அந்த வலியிலும் லார்ன் சிரித்துவிட்டார், சிரித்ததும் மறுபடி கத்தினார். கண்ணாடி மூடி பின்னால் வழுக்கியதால்தான் அவரைச் சுலபமாக வெளியே தூக்க முடிந்தது, அந்த விஷயத்தில் அப்பா சொன்னதே சரி, அதை அவரிடமும் ஒத்துக்கொண்டேன். லார்ன் இப்போது நன்றாக இருக்கிறார், தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரிகிறார். அவர் விமானத்துக்குச் சக்கர உறை ஒன்று நசுங்கியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நான் காபி போடும்போது அப்பா கம்பெனிக்குப் போன் பண்ணிப் பேசுவது கேட்டது. வலது பக்கப் பிரேக், இரண்டு பக்கமும் படி, மூக்குச் சக்கரம். எடை ஏறுமே என்றேன். ரெண்டாவது திரை வேண்டாம்னுட்டேன், சூடு பண்ற சீட்டும் வேண்டாம்னுட்டேன், ஜனவரியில கம்பளி போத்திக்கலாம் என்று காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் இப்போது முறைப்படி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். யோலாண்டா ப்ரொக்நோ என்று ஒரு பெண்தான் ஆசிரியை, உன்னைவிடச் சின்னவள், உன்னைவிட அதிகமாகத் திட்டுகிறாள். போன வாரம் அவள் கீழே இறங்கி நின்றுகொண்டு என்னைத் தனியாக அனுப்பினாள். போனேன், வந்தேன், ஒரு துள்ளல் மட்டும்.

உனக்கு என் பதில் இதுதான். ரெண்டு பேரும் ஒன்றாக ஏறுவது உனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு அதுதான் தைரியம். ஒருத்தர் கை தளர்ந்தால் பக்கத்தில் இன்னொரு கை இருக்கும், இனிமேல் காலும் இருக்கும். ஒன்றுமே ஆகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், நீயும் மாட்டுக் காலடியில் குனியும்போது எனக்கு அப்படிச் சத்தியம் பண்ணியதில்லை. அப்பாவை நான் நிறுத்தப் போவதில்லை.

நேற்று உடற்பகுதியை மரச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்தோம். பெடல் எங்கே நிற்க வேண்டும் என்று அளக்க உட்காரச் சொன்னார். வலது பக்கம் ஏறப் போனேன், பார்த்தால் அங்கே அவரே ஏறி உட்கார்ந்து கையை மடியில் கட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கத்தையும் உன் காலுக்குத் தகுந்தாப்புல வெச்சிரலாம், நான் கால மடக்கிக்கறேன் என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். இறக்கை இல்லை, இன்ஜின் இல்லை, எதிரே துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிறது. எங்க போறோம் கேப்டன் என்று கேட்டார். பெல்ட்டப் போடு மெரில், அப்புறம் சொல்றேன் என்றேன்.

சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள், பல் டாக்டரைத் தள்ளிப் போடாதே. கடவுள் உன் கையையும் காலையும் குளம்படி படாமல் காக்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். டிசம்பரில் வரும்போது பூட்ஸ் கொண்டு வா, தகட்டில் ரிவெட் ஆணி அடிக்க இன்னும் ஒரு ஆள் குறைகிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஆர்லிஸ்
(அப்பா கை முழுக்க கிரீஸ், அதனால் கையெழுத்துக்குப் பதில் ஓரத்தில் கட்டைவிரல்)