தவிலுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று

நவம்பர் 3, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி மஹீரா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்முன் போனில் ஒரு பொத்தானைக் காட்டிவிட்டுப் போனாள். அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, தேதியும் போட்டுக்கொள்கிறது. கேட்டால் திரும்ப வாசித்தும் காட்டுகிறது. என்னைவிடப் படித்த போன்.

மருமகள் ஷைமாவின் ஹெட்போன் கடையில், இந்த மலைக்குளிரிலும் இன்று நல்ல கூட்டம். பெட்டியில் அச்சடித்திருப்பதை அவள் படிப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, மாட்டிக் கேட்டு, எந்தப் பாட்டுக்கு எது என்று சொல்வேன். ஒரு தடவை கேட்ட ஹெட்போன் எனக்கு மறக்காது. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு.

கவுஞ்சியில் பூண்டு போடும் சின்னக்கருப்பன் உறுமி மேளம் கேட்கிறவர். அவருக்குக் காதை முழுசாக மூடுகிற, அடிச்சத்தம் கனமான உருப்படி. மதுரையிலிருந்து வந்த ஜோடிக்குக் கிதார். கம்பி அதிர்வது தனியாகத் தெரிய வேண்டும், அதனால் கீச்சு கூடினது. சர்ச்சில் பாடும் டீச்சரம்மாவுக்குப் பின்பக்கம் வலைபோட்டுத் திறந்திருக்கிற ரகம். இருபது பேர் பாடினால் இருபது பேரும் தள்ளித் தள்ளி நிற்கிறது தெரியும். ஆனால் வெறும் போனுக்கு அது அசைந்து கொடுக்காது. சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன்.

எழுபத்து மூன்று வயதில் உத்தியோகம். அதற்கு முன்னால் மகன் அப்சலின் ஸ்வெட்டர் கடையில் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. சும்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு இல்லாமலும் அது கதகதப்பாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

மதுரை ஜோடி கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டது. கிதார் காதைக் கிழிக்கிறதாம். போன மாதம் திண்டுக்கல்காரர் ஒருவரும் இதே மாதிரி. இவர்கள் எல்லாரும் இங்கே கடையில் கேட்டுவிட்டுத் தலையாட்டியவர்கள்தானே? வீட்டுக்குப் போனதும் காது மாறிவிடுமா?

நவம்பர் 12, புதன்

பழனியிலிருந்து ஞானவேல் வந்தான். அடிவாரத்தில் விபூதிக்கடை வைத்திருப்பவன், நாற்பது வருஷத் தோழன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் போன தடவை மாதிரியே குளிர் தாங்காமல் அப்சல் கடையில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, அப்போது நான் தேர்ந்து கொடுத்த ஹெட்போன் பெட்டியோடு நேராக என் முன்னால் வந்து நின்றான்.

“ராவுத்தரே, தவில் கேக்கக் கொடுத்தீகளா, கொலை பண்ணக் கொடுத்தீகளா? மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து அம்மி கொத்துறான்யா.”

மாட்டிக் காட்டு என்றேன். அதே தவில், அதே நாயனம். கேட்டான். முகம் தெளிந்தது. இன்னொரு தடவை கேட்டான். “இங்க நல்லாத்தான கெடக்கு,” என்றான், களவுபோனது திரும்பக் கிடைத்தவன் போல. பிறகு அவனுக்கே கோபம் வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஷைமா அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இது மூணாவது, மாமா. பிரிச்ச பெட்டிய கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா நீங்க ஸ்வெட்டர் கடைக்கே போயிருங்க.”

மறுபடியும் சாக்ஸா?

நவம்பர் 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கீழே காற்று கனம். மேலே லேசு. மலை இறங்க இறங்கச் சத்தம் ஊறிப் பெருக்கிறது. ஷைமாவிடம் சொன்னேன். அவள் என்னையும் பார்த்தாள், எதிரே ஸ்வெட்டர் கடையையும் பார்த்தாள்.

நவம்பர் 19, புதன்

போனே, இதை ஒழுங்காக எழுது.

காலையில் என் வீட்டுக்காரி ஷம்ஷாத் என் தலையிலிருந்து குல்லாவைப் பிடுங்கித் துவைக்கப் போட்டுவிட்டாள். ஆட்டுக்கிடை மாதிரி நாறுதாம். இந்தக் குளிரில் அது காய இரண்டு நாள் ஆகும். காது இரண்டும் விறைத்துப்போச்சு. கதகதப்புக்காக ஞானவேல் விட்டுப்போன ஹெட்போனை மாட்டி, ஆம்ப்ளிஃபயரை எப்போதும் திருகுகிற இடத்துக்குத் திருகி, தவிலைப் போட்டேன்.

அய்யோ.

நாற்காலியோடு பின்னால் சாஞ்சுட்டேன். அம்மி கொத்துறவன் உள்ளே வந்துட்டான். நாயனம் ஊசியா எறங்குது. கழற்றி வீசிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். என்னடா மாறிச்சு? காத்தா? மலையா? குல்லா! இத்தனை நாளும் குல்லாவுக்கு மேலேயே மாட்டி, கம்பளி தின்றது போக மிச்சத்தைக் கேட்டு — அடிச்சத்தம் பத்தலை, கீச்சு பத்தலை என்று கூடினதாகத் தேடித் தேடிக் கொடுத்திருக்கேன்.

ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் விட்டுப்போகவில்லை. கவுஞ்சிக்காரர் — பழுப்புக் குல்லா, சந்தோஷம். டீச்சரம்மா — மப்ளர், சந்தோஷம். மதுரை ஜோடி, திண்டுக்கல்காரர், ஞானவேல் — எல்லாரும் இங்கே இறங்கினதும் குல்லா வாங்கி, அதற்கு மேலே கேட்டுவிட்டு, கீழே போய்க் கழற்றினவர்கள். குல்லா விற்றது என் மகன்.

சொன்னால் ஸ்டூல் போகும். சொல்லாவிட்டால் நாலாவது பெட்டி எந்த பஸ்ஸில் வரும்?

நவம்பர் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். கடை திறந்ததும், யாரும் வருவதற்குள்.

ஷைமா எப்போதும் போல முக்காட்டுக்கு மேலே ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பிறகு ஹெட்போனோடு உள்ரூமுக்குப் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து “யா அல்லா” என்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர். திட்டப்போகிறாள் என்று நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க சொன்னது சரியான்னு நானும்தான மாமா ஒவ்வொண்ணயும் கேட்டுப் பாத்தேன். முக்காட்டு மேல மாட்டி.”

யார் எங்கே போவது என்று இன்றைக்கு முடிவாகவில்லை.

நவம்பர் 22, சனி

ஞானவேலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. வேறொரு ஹெட்போனில், தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேலே மாட்டிக் கேள் என்றேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டான்.

“சத்தம் அடங்கித்தான்யா கேக்குது ராவுத்தரே. ஆனா விசாலாட்சி வந்து பாத்துட்டு, பல்வலியான்னு கேட்டு கிராம்பு கொடுத்துட்டுப் போறா.”

வீட்டுக்காரி கொடுத்த கிராம்பை என்ன செய்தாய் என்று கேட்டேன். தின்றுவிட்டானாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெள்ளனே முதல் பஸ் பிடித்து மலையடியில் வத்தலக்குண்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே ஷைமாவின் அண்ணன் கடை. கீழே இருக்கிறவர்களுக்கு ஹெட்போன் தேர்ந்து சொல்ல, இனி செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே. புழுக்கம், ஃபேன், வெறும் தலை. பையில் ஐந்து ஹெட்போன்.

தவிலுக்கு நாலாவது. அடி தரையில் விழுகிறது, தலையில் விழவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பாதிக்குத் திருகினாலே போதும். ஞானவேலுக்கு இதைத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். கிதாருக்கு இரண்டாவது. ஐந்தாவது எதற்குமே ஆகாது, செய்தி கேட்கலாம்.

மத்தியானம் ஷைமா கூப்பிட்டாள். மலைக்கு ஒரு தட்டு, சமவெளிக்கு ஒரு தட்டு என்று கடையைப் பிரித்துவிட்டாளாம். “சொல்லுங்க மாமா, எழுதிக்கிறேன்,” என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன், நிறுத்தி நிறுத்தி.

பிறகு ஷம்ஷாத் போனை வாங்கி, குல்லா போட்டிருக்கீங்களா என்று கேட்டாள்.

போட்டிருக்கிறேன் என்றேன்.